பாட்டி கதைக்கு அச்சு எப்போது?

திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு இரவுதான் பகல். ஊர் அடங்கிய பிறகு லாரிகள் வந்து நிற்கும். உருளைக்கிழங்கும் வெங்காயமும் முட்டைக்கோசும் மூட்டை மூட்டையாக இறங்கும். விடிவதற்குள் பாதிச் சரக்கு கைமாறி, சுற்றுவட்டாரக் கடைகளுக்குப் புறப்பட்டுவிடும். விலை பேசுவது, சுமைகூலி பேசுவது, கடன் சொல்வது எல்லாம் தமிழில்தான். ஆனால் பேரம் முடிந்து வீட்டு விஷயம் பேசத் தொடங்கினால் பாஷை மாறிவிடும். ஒருவர் வீட்டில் தெலுங்கு. இன்னொருவர் வீட்டில் கன்னடம். மூன்றாமவர் வீட்டில் உருது. நான்காமவர் வீட்டில் சௌராஷ்டிரம். சந்தைக்கு ஒரு பாஷை, அடுப்படிக்கு ஒரு பாஷை என்பது திருச்சிக்குப் பல தலைமுறைப் பழக்கம். யாரும் இதை ஒரு குறையாக நினைப்பதில்லை.

ஆனால் யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த வீடுகளில் வளரும் ஐந்தாறு வயதுக் குழந்தை, “பாட்டி பேசுகிற பாஷையில் ஒரு கதைப் புத்தகம் வாங்கிக் கொடு” என்று கேட்டால் என்ன செய்வது? தெலுங்குக் குழந்தைக்கு ஹைதராபாத்திலிருந்து புத்தகம் வரவழைக்கலாம். கன்னடக் குழந்தைக்குப் பெங்களூரு இருக்கிறது. உருதுக் குழந்தைக்கு டில்லி இருக்கிறது. சௌராஷ்டிரக் குழந்தைக்காக எந்த ஊருக்குக் கடிதம் எழுதுவது?

அந்தப் பாஷைக்கென்று ஒரு மாநிலம் கிடையாது. குஜராத்தில் சௌராஷ்டிரம் என்றொரு பகுதி இருப்பது உண்மையே. ஆனால் அங்கே இன்று பேசுவது குஜராத்தி. அங்கிருந்து புத்தகம் வந்தாலும் நம் ஊர்க் குழந்தைக்கு எழுத்தும் புரியாது. பேச்சும் சரியாகப் புரியாது. ஆகவே இந்தக் குழந்தைக்குப் புத்தகம் பிறக்க வேண்டுமானால் அது தமிழ்நாட்டில்தான் பிறக்க வேண்டும். வேறு இடம் இல்லை.

நூல் நூற்றவர்கள்

சௌராஷ்டிரர்கள் யார் என்பதைத் தமிழ்நாட்டில் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பட்டு நெசவால் பெயர் பெற்றவர்கள். மேற்கே லாட தேசத்திலிருந்து மந்தசோரில் குடியேறிய பட்டு நெசவாளரைப் பற்றி 5-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று பேசுகிறது. அவர்களே தங்கள் முன்னோர் என்று இவர்கள் கொள்கிறார்கள். பிறகு தெற்கு நோக்கி வந்து, நாயக்க மன்னர்கள் காலத்தில் தமிழகத்தில் நிலைத்தார்கள். மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்கள் இன்றும் அதற்குச் சாட்சி. மதுரை, பரமக்குடி, திண்டுக்கல், சேலம், கும்பகோணம், திருச்சி என்று பல ஊர்களில் பரவி வாழ்கிறார்கள்.

2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சௌராஷ்டிரம் தங்கள் தாய்மொழி என்று சொன்னவர்கள் 1,85,420 பேர். 2011-இல் இது 2,47,702 ஆயிற்று. கணக்கெடுப்பு அதிகாரிகள் இதைத் தனி மொழியாக வைக்காமல் குஜராத்தியின் கீழ் ஒரு கிளையாகவே அடக்கியிருக்கிறார்கள். எண்ணிக்கை கூடியிருக்கிறதே என்று மகிழலாம். ஆனால் கணக்கெடுப்புத் தாள் ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. அந்த இரண்டரை லட்சம் பேரில் எத்தனை பேர் தம் குழந்தையோடு அந்தப் பாஷையில் பேசுகிறார்கள்? எத்தனை குழந்தைகள் அதே பாஷையில் பதில் சொல்லுகின்றன? ஒரு மொழியின் ஆயுளைக் காட்டும் கணக்கு அதுதான்.

அறிஞருக்கு உண்டு, குழந்தைக்கு இல்லை

சௌராஷ்டிரம் இலக்கியமில்லாத பாஷை என்று யாராவது நினைத்தால் அது தவறு. மதுரையில் 1843-இல் பிறந்த நடனகோபால நாயகி சுவாமிகள் சௌராஷ்டிரத்தில் பாடிய பக்திப் பாடல்கள் இன்றும் பஜனை மடங்களில் ஒலிக்கின்றன. சங்கு ராம் திருக்குறளைச் சௌராஷ்டிரத்தில் ஆக்கித் தந்தார். சாகித்திய அகாடமி, அட்டவணையில் இடம்பெறாத மொழிகளுக்காக வழங்கும் பாஷா சம்மான் விருதைச் சௌராஷ்டிர எழுத்தாளர்களும் பெற்றிருக்கிறார்கள்.

வெளிநாட்டு அறிஞர்களும் இந்தப் பாஷையை விட்டுவைக்கவில்லை. கிரியர்சன் தமது இந்திய மொழி ஆய்வில் 1908-இல் இதைப் பதிவு செய்தார். லண்டனில் ராண்டில் என்பவர் 1940-களில் இதன் இலக்கணத்தை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். ஜப்பானிய அறிஞர் நோரிஹிகோ உச்சிதா, சௌராஷ்டிரரின் வாய்மொழி இலக்கியத்தை ஆராய்ந்து 1979-இல் நூலாக வெளியிட்டார். பின்னர் 1990-இல் சௌராஷ்டிர–ஆங்கில அகராதி ஒன்றும் தந்தார்.

எல்லாம் பெருமைக்குரியவைதான். ஆனால் இந்த வரிசையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பக்தருக்குப் பாடல் இருக்கிறது. பண்டிதருக்கு இலக்கணம் இருக்கிறது. ஆராய்ச்சிக்காரருக்கு அகராதி இருக்கிறது. ஐந்து வயதுக் குழந்தை மடியில் வைத்துப் புரட்ட, படம் போட்ட கதைப் புத்தகம் கடையில் எளிதாகக் கிடைக்கிறதா என்றால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு பாஷை டோக்கியோ வரை போய்விட்டது. அடுத்த அறையில் இருக்கும் பேரனிடம் போய்ச் சேரவில்லை!

இந்தக் குறையை முதலில் உணர்ந்தவர் மதுரை ராமராய். 1852 முதல் 1913 வரை வாழ்ந்தவர். சௌராஷ்டிரத்துக்குரிய எழுத்துகளைச் செம்மை செய்து, அச்சு எழுத்து வார்க்கச் செய்து, குழந்தைகள் படிக்கப் பாலபாடமும் இலக்கணமும் எழுதி அச்சிட்டார். அவர் வைத்த முதல் அடியே குழந்தையை நோக்கித்தான். அந்த அடியைத் தொடர்ந்து வைத்திருந்தால் இன்று நிலைமை வேறாக இருந்திருக்கும். தொடரவில்லை. ஏன்?

மூன்று எழுத்து, ஒரு குழந்தை

காரணம் பல. அவற்றில் பெரியது, எந்த எழுத்தில் எழுதுவது என்ற வாதம். ராமராய் வழிவந்தவர்கள், “நமக்கென்று சொந்த எழுத்து இருக்கும்போது இரவல் எழுத்து எதற்கு?” என்றார்கள். மற்றொரு சாரார், “நம் பாஷை வடநாட்டு இனத்தைச் சேர்ந்தது, தேவநாகரியே பொருத்தம்” என்றார்கள். மூன்றாவது சாரார், “குழந்தைகள் பள்ளியில் படிப்பது தமிழ், தமிழ் எழுத்திலேயே எழுதிவிடலாம்” என்றார்கள். ஒரு நூற்றாண்டு இந்த வாதத்திலேயே கழிந்தது.

ஒவ்வொரு கட்சியிலும் நியாயம் இருக்கிறது என்பதுதான் சங்கடம். சௌராஷ்டிரத்தில் மகரம், னகரம், ரகரம், லகரம் ஆகியவற்றோடு ஹகர ஓசை கலந்து வரும் ஒலிகள் உண்டு. சொந்த எழுத்தில் இதற்கென்றே ‘ஹாரு’ என்று தனிக்குறி இருக்கிறது. வேறு எழுத்தில் இந்த வசதி கிடையாது. தேவநாகரி கற்றவனுக்கு இந்தியும் சமஸ்கிருதமும் சேர்ந்து கைக்கு வரும். தமிழ் எழுத்திலோ ஒரே ‘க’ நான்கு ஒலிகளுக்கு நிற்க வேண்டியிருக்கிறது. ஆகையால் எழுத்தின் அருகே 2, 3, 4 என்று சிறு எண்களைப் போட்டு அச்சிடும் வழக்கம் வந்தது.

பெரியவர்கள் படிக்கும் நூலுக்கு இந்த வாதமெல்லாம் தகும். குழந்தையின் புத்தகத்துக்கு இது தடையாக இருக்க வேண்டியதில்லை. தமிழ்க் குழந்தையைப் பாருங்கள். ‘கல்’ என்பதில் வரும் ககரத்தை ஒரு விதமாகவும், ‘பங்கு’ என்பதில் வரும் ககரத்தை வேறு விதமாகவும் அது படிக்கிறது. அதற்கு யாரும் எண் போட்டுக் காட்டவில்லை. வார்த்தை காதுக்குப் பழக்கமானது. கண் தொடங்குகிறது, காது முடித்து வைக்கிறது. அதுபோலத்தான் வீட்டில் சௌராஷ்டிரம் கேட்டு வளரும் குழந்தையும். எழுத்து ஏறக்குறைய இருந்தாலும் வார்த்தையைச் சரியாகவே பிடித்துக்கொள்ளும். காதில் பாஷை இருக்கும் வரைக்குமே இந்தச் சௌகரியம். காதிலிருந்தும் போய்விட்டால், எத்தனை குறிகளைப் போட்டாலும் உயிர் வராது.

ஆகவே வழி இது: குழந்தைக்குத் தெரிந்த தமிழ் எழுத்தில் கதை இருக்கட்டும், அதே வரி எதிர்ப்பக்கத்தில் சௌராஷ்டிர எழுத்திலும் இருக்கட்டும். தெரிந்ததைப் பிடித்துக்கொண்டு தெரியாததைக் குழந்தை கற்கும். சௌராஷ்டிர எழுத்து 2008-இல் உலகக் கணினி எழுத்துத் தரமான யூனிகோடில் சேர்க்கப்பட்டுவிட்டது. ராமராய் காலத்தில் ஈயத்தில் ஒவ்வோர் எழுத்தாக வார்க்க வேண்டியிருந்தது. இன்று கணினியில் எழுத்துரு இருக்கிறது. தட்டச்சு செய்ய ஆள்தான் வேண்டும்.

இப்படிப் பல எழுத்துச் சிக்கல் உள்ள பாஷை இது ஒன்றுதான் என்று எண்ண வேண்டாம். சந்தாலி மொழியை ரோமன், வங்காளி, ஒடியா, தேவநாகரி என்று பல எழுத்துகளில் எழுதினார்கள். ரகுநாத் முர்மு 1925-இல் ‘ஒல் சிக்கி’ என்ற சொந்த எழுத்தை உருவாக்கினார். 2003-ஆம் ஆண்டு அரசியல் சட்டத் திருத்தத்தில் சந்தாலி எட்டாவது அட்டவணையில் இடம் பெற்றது. சாகித்திய அகாடமி 2010 முதல் 24 மொழிகளில் குழந்தை இலக்கியத்துக்குத் தனி விருது வழங்கி வருகிறது. அதில் சந்தாலியும் உண்டு, போடோவும் உண்டு. சௌராஷ்டிரம் இல்லை. அட்டவணையில் இடம் கிடைப்பது டில்லியின் கையில் இருக்கிறது. பாட்டி கதையை அச்சிடுவது நம் கையில் இருக்கிறது.

தமிழ் நடந்து வந்த வழி

குழந்தை இலக்கியம் என்பது அரசாங்கம் உத்தரவு போட்டு வளர்வதல்ல. அதற்குத் திருச்சிக்காரர்கள் வெகுதூரம் போய் உதாரணம் தேட வேண்டாம். புதுக்கோட்டை 1974 வரை திருச்சி ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1940-களின் பிற்பகுதியில் அந்தச் சின்ன ஊரிலிருந்து குழந்தைகளுக்கான பத்திரிகைகள் பல புறப்பட்டன. பெரிய முதலாளிகள் யாரும் பின்னால் இல்லை. சிறு அச்சுக்கூடம், அணாக்கணக்கில் விலை, எழுத ஆர்வமுள்ள சில வாலிபர்கள், அவ்வளவுதான் மூலதனம்.

அதே பகுதியில் ராயவரத்தில் 1922-இல் பிறந்தவர் அழ. வள்ளியப்பா. அவர் முழுநேர எழுத்தாளர் அல்ல. வங்கியில் உத்தியோகம் பார்த்தவர். வேலை போக மிச்ச நேரத்தில் குழந்தைகளுக்கு எழுதினார். தாம் எழுதியதோடு நில்லாமல், 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்ற முன்நின்று, மற்றவர்களையும் எழுத வைத்தார். தமிழ் கோடிக்கணக்கானோர் பேசும் மொழி. அதற்கே குழந்தை இலக்கியம் தானாக வந்துவிடவில்லை; சிலர் பிடிவாதமாக நின்று வளர்த்ததால் வந்தது. சிறு பாஷைக்கு அந்தப் பிடிவாதம் இன்னும் அதிகமாக வேண்டும் அல்லவா?

கடல் கடந்தும் ஓர் உதாரணம் உண்டு. பிரிட்டனில் வேல்ஸ் என்று ஒரு சிறு நாடு. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே சில பள்ளிகளில் வெல்ஷ் மொழி பேசிய குழந்தையின் கழுத்தில் தண்டனையாக மரப்பலகை மாட்டினார்கள். அந்தப் பலகையைச் சிறுவயதில் சுமந்தவர்களில் ஒருவர் ஓவன் எட்வர்ட்ஸ். அவர் பெரியவரானதும் மேடையேறி முழங்கவில்லை; 1892-இல் குழந்தைகளுக்கென்று வெல்ஷ் மொழியில் ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார். அவருடைய மகன் 1922-இல் அதே பத்திரிகையில் விடுத்த வேண்டுகோளால் குழந்தைகளுக்கென்று ஒரு பெரிய இயக்கமே பிறந்தது. அது இன்றும் நடக்கிறது. 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசுவோர் ஏறத்தாழ 5,38,000 பேர். பக்கத்திலேயே ஆங்கிலம் என்ற மகாசமுத்திரம் இருந்தும் அந்தச் சிறு பாஷை மூழ்கவில்லை.

சோறு போடுமா?

பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: “இந்தப் பாஷையைப் படித்தால் உத்தியோகம் கிடைக்குமா?” கேள்வியில் தப்பில்லை. நெசவு நலிந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து முன்னேற்ற வேண்டும் என்று பாடுபடும் குடும்பங்கள் கேட்கும் கேள்வி இது. கிடைக்காது என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் இங்கே யாரும் சௌராஷ்டிரத்தில் பௌதிகமும் ரசாயனமும் படிக்கச் சொல்லவில்லை. இரவு படுக்கப் போகுமுன் பத்து நிமிஷம் ஒரு கதை. அதற்காகப் பரீட்சை மார்க் குறையப் போவதில்லை.

“தமிழ்நாட்டில் பிறந்த குழந்தை தமிழை நன்றாகப் படிக்கட்டுமே, வீட்டுப் பாஷை எதற்கு?” என்று கேட்பவர்களும் உண்டு. ஒன்று வளர்ந்தால் மற்றொன்று தேயும் என்ற பயம் வீண். டி. எம். சௌந்தரராஜன் பிறந்த வீட்டுப் பாஷை சௌராஷ்டிரம். அவர் தமிழ் உச்சரிப்பில் குறை கண்டவர் உண்டா? தமிழை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று அவர் பாட்டைக் கேட்டுக் கற்றவர்கள்தான் உண்டு.

தமிழர்களுக்கு இந்த விஷயத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. சென்னையிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குப் போன முதல் கப்பல் 1860 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அவர்களுடைய சந்ததியார் இன்றும் காவடி எடுக்கிறார்கள், கோவில் கட்டியிருக்கிறார்கள், தமிழ்ப் பெயர் சூட்டுகிறார்கள். ஆனால் பெரும்பாலோருக்குத் தமிழ் பேச வராது. பக்தி நின்றது, பேச்சு போயிற்று. பஜனையும் பண்டிகையும் மட்டும் ஒரு பாஷையைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு நம்மவர்களே சாட்சி. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழ்க் குழந்தைக்குத் தமிழ்ப் புத்தகம் வேண்டும் என்று நாம் வாய் நிறையக் கேட்கிறோம். அதே நியாயத்தை நம் ஊர்ச் சிறு பாஷைகளுக்கும் வழங்குவதுதானே முறை?

சௌராஷ்டிரத்தையும் விடச் சிரமமான நிலையில் உள்ள பாஷை திருச்சிக்கு வெகு அருகிலேயே இருக்கிறது. பாசிமணி விற்கும் நரிக்குறவர்கள் தேவராயனேரியில் குடியிருப்பாக வாழ்கிறார்கள். அவர்களுடைய வாக்ரிபோலிக்குச் சொந்த எழுத்தே கிடையாது. சீனிவாச வர்மா ஆராய்ந்து எழுதிய நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970-இல் வெளியிட்டது. அங்கும் அறிஞருக்கு நூல் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் உட்காரும் நரிக்குறவர் குழந்தைக்கோ, தன் வீட்டு வார்த்தை ஒன்றுகூடக் கரும்பலகையில் தென்படுவதில்லை. பள்ளி அந்நியமாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. சௌராஷ்டிரத்துக்கு ஒரு வழி பிறந்தால், அதே வழியில் இந்தக் குழந்தையும் பின்னால் நடந்து வரலாம்.

செய்ய வேண்டியது

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு ஆரம்பப் பள்ளியில் தாய்மொழி வழியாகக் கற்பிக்க வசதி செய்து தர முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு சொல்லுகிறது. 1956 முதல் அந்த வாசகம் இருந்து வருகிறது. வாசகம் இருந்தால் போதுமா? படிக்கக் கொடுக்கப் புத்தகம் வேண்டாமா? 2023 ஏப்ரலில் குஜராத்தில் சௌராஷ்டிர–தமிழ்ச் சங்கமம் என்று பெரிய விழா நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து ரயில் ரயிலாகப் போய் வந்தார்கள். நல்லதுதான். விழா முடிந்து ஊர் திரும்பியவர்கள் பேரனுக்குப் படித்துக் காட்ட என்ன கொண்டுவந்தார்கள்?

வேலை பெரியதல்ல. ஒவ்வோர் ஊரிலும் சௌராஷ்டிர சபைகள் இருக்கின்றன. பள்ளிகள் நடத்திய அனுபவமும் உண்டு. வீட்டுப் பாட்டிமாரிடம் கதைகளையும் தாலாட்டுகளையும் விடுகதைகளையும் கேட்டுப் பதிவு செய்யலாம். இன்று ஒவ்வொரு வீட்டுக் கைப்பேசியிலும் ஒலிப்பதிவு வசதி இருக்கிறது. அவற்றிலிருந்து பன்னிரண்டு கதைகளைப் பொறுக்கி, பதினாறு பக்கத்தில் ஒரு படக்கதையாக, மாதம் ஒன்று வெளியிட்டால் ஒரு வருஷத்தில் ஒரு குழந்தையின் அலமாரி நிறைந்துவிடும். அச்சுக்கூலிக்குப் பணம் எங்கே என்று கேட்க வேண்டியதில்லை. கோவில் உற்சவத்துக்கும் அன்னதானத்துக்கும் தாராளமாக உபயம் எழுதும் வியாபாரிகள் காந்தி மார்க்கெட்டிலும் உண்டு, மதுரை விளக்குத்தூண் பக்கத்திலும் உண்டு. ஒரு புத்தகத்துக்கு ஓர் உபயதாரர் என்று வைத்தால் முடிந்தது.

பணமே வேண்டாத வழியும் ஒன்று உண்டு. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ இணைய நூலகத்தில் படத்தோடு கூடிய குழந்தைக் கதைகளை யாரும் தம் மொழியில் பெயர்த்து வெளியிட அனுமதி உண்டு. கல்லூரியில் படிக்கும் பேத்தியும் வீட்டில் இருக்கும் பாட்டியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு கதை தயாராகிவிடும். பேத்திக்குத் தட்டச்சு தெரியும்; பாட்டிக்கு வார்த்தை தெரியும்.

அரசாங்கமும் கொஞ்சம் கை கொடுக்கலாம். 2023 ஜூலையில் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. சௌராஷ்டிரர் மிகுதியாக வாழும் ஊர் அது. அங்கே ஓர் அலமாரியைச் சௌராஷ்டிரக் குழந்தை நூல்களுக்கென்று ஒதுக்கினால், காலியாக இருக்கும் தட்டே எழுதத் தெரிந்தவர்களைக் கேள்வி கேட்கும்.

தாமதிக்க நேரமில்லை என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது. எழுத்து எது என்ற வாதம் நூறு வருஷம் காத்திருந்தது. இன்னும் நூறு வருஷம் காத்திருக்கும். கதை தெரிந்த பாட்டிக்கோ இப்போதே எண்பது வயது. கேட்க வேண்டிய குழந்தைக்கு ஐந்து வயது; அதற்கு இன்னும் நாலைந்து வருஷம் போனால் கதை கேட்கும் பருவமும் தாண்டிவிடும். இந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் சேர்ந்திருக்கும் சில வருஷங்கள்தான் ஒரு பாஷைக்குக் கிடைக்கும் அவகாசம். அதற்குள் முதல் புத்தகம் வந்துவிட வேண்டும்.